காதி கோட்டில் பைல் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசிக்காமல் கொமண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. தரம் 8. இரண்டு மாதமாக வியாழனும் திங்களும் பாடசாலைக்கு வருவதில்லை. இடாப்பில் சிவப்பு வட்டம் கூடிக்கொண்டே போனது. உம்மாவைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "அந்த ரெண்டு நாளும் கடையில சாமான் இறக்குறதுக்குப் போறான் டீச்சர். நான்தான் அனுப்புறன்."

இவருக்கு 2019இல் பஸஹ் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் மாதாந்தத் தாபரிப்புக் கட்ட வேண்டும் என்று அப்போதிருந்த காதியார் கட்டளை போட்டார். முன்னாள் கணவர் எட்டு மாதம் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். கொரோனா காலம், யாரும் கேட்கவில்லை. அதற்குள் காதியாரின் பதவிக்காலம் முடிந்து புதியவர் வந்துவிட்டார். நிலுவையை அறவிட்டுத் தாருங்கள் என்று இவர் புதிய காதியாரிடம் போனார். "பழைய பைல் எனக்கு வரல்ல" என்றார் அவர். பழைய காதியாரிடம் போனார். "எல்லாத்தையும் குடுத்துட்டன்" என்றார். எதைக் கொடுத்தார், எதை வாங்கினார் என்பதற்கு இருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

கணவரின் தரப்பில் இப்போது சொல்வது, கட்டளையில் இருந்த தொகை 12,000 இல்லை, 7,000தானாம்.

இவரிடம் இருந்த பிரதி, வாடகை வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. தங்கச்சியின் போனில் ஒரு போட்டோ இருந்தது. எனக்கும் காட்டினார். முத்திரை தெரிகிறது, கையொப்பம் தெரிகிறது, திகதி தெரிகிறது. கடதாசியை நாலாக மடித்த மடிப்பு சரியாகத் தொகையின் மேலே ஓடுகிறது. நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கடைசியில் அவருக்குக் கிடைத்த ஆலோசனை, புதிதாக வழக்குப் போடுங்கள் என்பது. அதாவது போன வருடங்களின் நிலுவையை மறந்துவிடுங்கள்.

நான் காதி முறையை ஒழிக்க வேண்டும் என்று எழுத வரவில்லை. காப்பாற்ற வேண்டும் என்றும் எழுத வரவில்லை. அந்தச் சண்டை எங்கள் வட்ஸ்அப் குரூப்களில் பத்து வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. சலீம் மர்ஸூப் குழு 2009இல் நியமிக்கப்பட்டு 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் குழுக்கள், திருத்தங்கள், எதிர்ப்புகள். திருமண வயது, பலதார மணம், பெண் காதி, மணமகளின் கையொப்பம் என்று எல்லாவற்றையும் பேசினோம். ஒவ்வொன்றிலும் எனக்கும் கருத்து உண்டு, இன்னொரு நாள் சொல்கிறேன். ஆனால் இத்தனை பேச்சுக்குள், கட்டளை போட்ட பிறகு அந்தக் கடதாசி எங்கே போகிறது என்று யாரும் ஊரில் கேட்டு நான் காணவில்லை.

அது எங்கே போகிறது? உங்களில் பலருக்குத் தெரியும். காதியாருக்கு அரசாங்கம் ஒரு சிறு கொடுப்பனவு தருகிறது. பெரும்பாலான இடங்களில் கோட்டுக்கென்று ஒரு கட்டடம் இல்லை. அவருடைய வீட்டு முன்மண்டபம், இல்லாவிட்டால் பள்ளியின் ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பாடசாலை வகுப்பு. விசாரணைக் குறிப்பு சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதப்படுகிறது. பைல்கள் அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, ரெஜிபோம் பெட்டியில். காதியார் நல்லவராக, ஒழுங்கானவராக இருந்தால் பைலும் ஒழுங்காக இருக்கும். அப்படிப்பட்டவர்களையும் நான் அறிவேன். கிடைக்கிற கொடுப்பனவை விடக் கூடுதலாகப் போட்டோ கொப்பிக்கே செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணின் உரிமை ஒரு மனிதரின் அலுமாரிச் சாவியில் தொங்கக் கூடாது.

இதில் ஒரு விசேடமான ஆபத்து இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி காதிக்கு முன்னால் சட்டத்தரணி தோன்ற முடியாது. செலவு குறையும், விசயம் இழுபடாது என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கேடு தொலைந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளிடமும் தனித்தனிக் கோவை இருக்கும். மனுவின் பிரதி, மறுமொழியின் பிரதி, ஆவணங்களின் பிரதி எல்லாம் இருக்கும். அவற்றை வைத்து வழக்கேட்டைத் திரும்பவும் கட்டி எழுப்பலாம். காதி கோட்டில் அந்த இரண்டாவது கோவை யாரிடமும் இல்லை. இருப்பது ஒரே ஒரு பைல், அதுவும் காதியாரின் வீட்டில். சட்டத்தரணி இல்லாத கோட்டுக்குத்தான் மற்ற எல்லாக் கோட்டையும் விட நல்ல பதிவுமுறை தேவை. நடப்பதோ அப்படியே தலைகீழ்.

மேன்முறையீட்டுக்கும் இதே கதிதான். காதியாரின் தீர்ப்பு பிழை என்றால் கொழும்பில் காதிகள் சபைக்குப் போகலாம், அங்கிருந்து அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். சபை எதைப் பார்த்து முடிவெடுக்கும்? கீழே எழுதப்பட்டதைத்தான். கீழே எழுதியது "இரு தரப்பும் ஆஜர், சமரசம் இல்லை, அடுத்த தவணை" என்ற ஒற்றை வரி என்றால், மூன்று மணித்தியாலம் அந்தப் பெண் அழுது சொன்ன சாட்சியம் கொழும்புக்குப் போகவே போகாது.

தாபரிப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. நல்ல வழி. ஆனால் நீதவானுக்கு முன்னால் வைப்பதற்கு ஒரு தொகை வேண்டும். மடிப்பு விழுந்த போட்டோவை வைத்து எந்த நீதவானும் அறவிட மாட்டார்.

மற்றக் கோட்டுகள் மட்டும் சுத்தமா என்று கேட்பீர்கள். இல்லை. நீதவான் நீதிமன்றத்துப் பதிவறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், நூலால் கட்டிய வழக்கேடுகள் கூரை வரைக்கும். 2020 டிசம்பரில் புதுக்கடை உயர் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் தீப்பிடித்தபோது முதலில் எழுந்த கேள்வியே வழக்கேடுகள் எரிந்தனவா என்பதுதான். நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தைப் பற்றியே அப்படி ஒரு பயம். இருந்தாலும் அங்கே பதிவாளர் என்று ஒருவர் இருக்கிறார், பதிவறை இருக்கிறது, வழக்கு இலக்கம் இருக்கிறது. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்புகளை இணையத்தளத்தில் போடுகின்றன. எங்கள் பெண்களின் கோட்டுக்கு இது எதுவுமே வந்து சேரவில்லை.

இந்தியாவைப் பாருங்கள். ஈ-கோர்ட்ஸ் திட்டத்தை 2007இல் தொடங்கினார்கள். இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் பதியப்படும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு சீ.என்.ஆர். எண். அந்த எண்ணைப் போனில் அடித்தால் அடுத்த தவணை எப்போது, கடைசியாக என்ன கட்டளை என்று வரும். அங்கேயும் வழக்குகள் தேங்கித்தான் கிடக்கின்றன, கணினி வந்ததால் நீதி பறந்து வரவில்லை. ஆனால் பைல் எனக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுத் தப்புவது கஷ்டமாகிவிட்டது. மலேசியாவில் ஷரீஆ நீதிமன்றங்களுக்கென்றே ஈ-ஷரீஆ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஷரீஆவுக்கும் கணினிக்கும் பகை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

மார்க்கத்தைப் பற்றிப் பேசுபவர்களுக்கு ஒரு விசயம். அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று என் தரம் 6 பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். சூரத்துல் பகராவில் 282ஆவது வசனம். கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதோ பெரிதோ தவணையோடு எழுதச் சொல்கிறது, எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும் என்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது. பிள்ளைகளின் தாபரிப்பு தகப்பனின் மேல் இருக்கும் கடன் இல்லையா?

ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கஸ்ஸாப் காழிகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். புதிய காழி பதவிக்கு வந்ததும் பழைய காழியின் திவானை, அதாவது பதிவுக்கோவையை, நம்பகமானவர்களை வைத்து முறைப்படி பொறுப்பேற்பதை அது ஆரம்ப வேலைகளில் ஒன்றாக வைக்கிறது. அவர் ஹனபி, நாங்கள் ஷாபி என்று கொமண்ட் வரும், எனக்குத் தெரியும். எங்கள் அறபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கும் இமாம் நவவியின் மின்ஹாஜை எடுத்துப் பாருங்கள். தீர்ப்பை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை உரியவரிடம் கொடுத்து, மற்றதைத் தீர்ப்புத் திவானில் பாதுகாப்பது விரும்பத்தக்கது என்று இருக்கிறது. இமாம் நவவி வபாத்தாகி 700 வருடத்துக்கும் மேல். உஸ்மானியர் காலத்துக் காழிகளின் சிஜில்கள், இஸ்தான்புலிலும் குத்ஸிலும், நூற்றுக்கணக்கான வருடம் கழித்து இன்றும் இருக்கின்றன. 1600ஆம் ஆண்டை அண்டி ஓர் ஏழைப் பெண் கணவனிடம் என்ன கேட்டு வழக்காடினாள் என்று அவற்றைப் பார்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள். எங்கள் ஊரில் 2019இல் போட்ட கட்டளை காணாமல் போய்விட்டது.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

"குடும்ப மானம் கணினியில் ஏறினால் ஊரெல்லாம் பரவும்." இது நியாயமான பயம், நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு மானம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். அந்த உம்மாவுக்குத் துணையாக நானும் ஒரு நாள் போனேன். காதியார் உள்ளே தொழுதுகொண்டிருந்தார். முன்மண்டப மேசையில் பைல்கள் குவிந்து கிடந்தன. மேலே கிடந்ததில் என் வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் உம்மாவின் பெயர். கீழே அவர் மீது கணவர் சொன்ன குற்றச்சாட்டு. நான் அதை வாசித்துவிட்டேன். கண் போய்விட்டது. இப்போது அந்தத் தாய் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அந்த மேசையைக் கடந்து எத்தனை பேர் போகிறார்கள்? நான் வாசித்தேன் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒழுங்கான இலத்திரனியல் முறையில் யார் திறந்தார், எப்போது திறந்தார், எதை மாற்றினார் என்று பதிவாகும். திறக்க அதிகாரம் இல்லாதவருக்குத் திறக்காது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. மானத்துக்காகத்தான் கேட்கிறேன்.

"காதிமார் வயதானவர்கள், கணினி தெரியாது." 2020இல் பாடசாலை மூடியபோது ஐம்பத்தெட்டு வயதில் சூமைப் பழகிய சேர்மாரை நான் பார்த்தேன். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள். அதோடு, காதியாரே தட்டச்சுப் பண்ண வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு எழுதுவினைஞர் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். காதி ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பைலைப் பதிந்து அடுக்கும் வேலையை ஒரு படித்த பெண் செய்தால் எந்த மார்க்கம் குறுக்கே நிற்கிறது? வழக்குக்கு வருகிற பெண்களுக்கும் பேச ஒரு முகம் இருக்கும்.

"எங்கள் விசயத்தில் அரசாங்கம் கை போடும்." காதியாரை நியமிப்பதே நீதிச்சேவை ஆணைக்குழு. கை எப்போதோ போட்டாயிற்று. போடாத கை பதிவைப் பாதுகாக்கும் கைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு. நாலு பேர் சேர்ந்து ஸ்கேனர் வாங்கி, எல்லாப் பைலையும் படம் பிடித்து, யாரோ ஒருவரின் கூகுள் ட்ரைவில் போட்டுவிட்டு "டிஜிட்டல் பண்ணிட்டோம்" என்று பேஸ்புக்கில் போடும் ஆர்வத்தைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். படம் பிடிப்பது பதிவு முகாமைத்துவம் ஆகாது. ஊர்ப் பள்ளி நிர்வாகமும் இதைத் தன் கணினியில் வைக்கக் கூடாது, நாளைக்கு நிர்வாகம் மாறினால் யார் கையில் போகும்? இது நீதிமன்றப் பதிவு. அரசின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். வழக்குப் பதியும் அன்றே மாறாத ஓர் இலக்கம் விழ வேண்டும். கட்டளை போட்ட அன்றே அது உள்ளே ஏறி, இரு தரப்புக்கும் பிரதி கிடைக்க வேண்டும். ஏறிய பிறகு யாரும் அழிக்க முடியாது, திருத்தினால் திருத்தியது தெரிய வேண்டும். கட்டிய தாபரிப்புப் பணமும் அதே இலக்கத்தின் கீழ் பதியப்பட வேண்டும், அப்போதுதான் கட்டிவிட்டேன் என்று பொய் சொல்கிறவரும் மாட்டுவார், கட்டியும் கட்டவில்லை என்று சொல்லப்படுகிற அப்பாவி வாப்பாமாரும் தப்புவார்கள். அப்படியும் சிலர் இருக்கிறார்கள், மறக்கவில்லை. இரண்டாவது பிரதி இன்னோர் ஊரில் இருக்க வேண்டும்.

இன்னோர் ஊர் என்பதை நாங்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் உறுதியையும் சான்றிதழையும் கட்டி எடுத்துக்கொண்டா வந்தார்கள்? 2004 டிசம்பர் 26 காலையில் கடற்கரையோரம் இருந்த வீடுகளில் எத்தனை விவாகப் பதிவு, எத்தனை காணி உறுதி கடலோடு போயின? கடதாசி போனால் என்ன ஆகும் என்று அலைந்து படித்த சமூகம் இது.

நாட்டில் எதுவுமே செய்ய முடியாது என்றும் சொல்லாதீர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியை வேறு மாவட்டப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம் என்று வந்துவிட்டது. பிள்ளைகள் சாதாரண தரப் பெறுபேற்றை போனில் பார்க்கிறார்கள், பரீட்சைத் திணைக்களத்தில் சான்றிதழுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கிறார்கள். இலத்திரனியல் ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தோடே வந்துவிட்டது. என்னிடம் 2014இல் படித்த பிள்ளை எத்தனை நாள் வந்தான் என்று கேட்டால் இடாப்பைப் பார்த்துச் சொல்ல முடியும். எங்கள் பாடசாலையில் அதிபர் மாறினால் கதிரை, மேசை, கரும்பலகை என்று எண்ணி, பொருட் பதிவேட்டில் இருவரும் கையொப்பமிட்டு, சம்பவத்திரட்டிலும் எழுதிய பிறகுதான் பழையவர் போவார். ஒரு வாங்கு குறைந்தாலும் வலயத்திலிருந்து கேள்வி வரும். தாபரிப்புக் கட்டளை குறைந்தால் ஏன் யாரும் கேட்பதில்லை?

கணினி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. காதியார் மாறும்போது பைல்களின் பட்டியல் ஒன்று. இலக்கம், இரு தரப்பின் பெயர், கடைசிக் கட்டளை, திகதி. இரண்டு கையொப்பம். பட்டியலின் பிரதி காதிகள் சபைக்கு ஒன்று, நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு ஒன்று. இதற்குப் பேனையும் கடதாசியும் போதும். காதி முறையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜும்ஆவுக்குப் பிறகு பதாகை பிடித்த சகோதரர்கள் இதை முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒழிக்க வேண்டும் என்பவர்களின் கையில் இருக்கும் மிகப் பலமான ஆதாரம் இந்தக் காணாமல் போன பைல்கள்தான். ஒழிக்க வேண்டும் என்பவர்களும் கேட்க வேண்டும். நாளைக்கே எல்லா வழக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கு மாறினாலும், கையில் பைல் இல்லாமல் எதை மாற்றுவீர்கள்? பஸஹ் வழக்கு ஒன்று முடிய சராசரி எத்தனை மாதம், எத்தனை தாபரிப்புக் கட்டளை கட்டப்படாமல் கிடக்கிறது என்று இரு பக்கமும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறது. எண்ணிப் பார்க்க ஒரு பதிவேடு இருந்தால் பாதிச் சண்டை அன்றோடு முடியும்.

நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம். கைமாற்றுப் பட்டியல், வழக்கு இலக்கம், இரண்டாவது பிரதி, ஒரு எழுதுவினைஞர், இவ்வளவுதான் கோரிக்கை. காதியார் யாருடைய பெயரும் அதில் இல்லை, அந்த உம்மாவின் பெயரும் இல்லை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் பதிவாளர் ஒருவரும் பார்த்துத் திருத்தித் தந்தார்கள். வாற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டில் வைத்திருப்பேன், கையொப்பமிட விரும்புகிறவர்கள் வாருங்கள். பெண்கள் தனியாக வர வசதி இல்லை என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நானே கொண்டு வருகிறேன். தாபரிப்புக் கட்டளை கையில் இருக்கும் ராத்தாமார் தங்கச்சிமார் இன்றைக்கே அதை மடிக்காமல் மேசையில் விரித்து, வெளிச்சத்தில் இரண்டு போட்டோ எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். தொகை தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.